லேப்டாப்பில் ஓடுகிற கேம் பிரவுசரில் ஏன் தடுமாறுகிறது?

என் அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ல, ள, ழ வேறுபாட்டைப் பழக ஒரு சின்ன கேம் செய்து தரச் சொன்னார். கோடோ என்ற கேம் எஞ்சினில், அதாவது கேம் கட்ட உதவும் மென்பொருளில், இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தேன். திரையில் ஒரு படம் வரும், கீழே எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பிள்ளை சரியான எழுத்தை இழுத்து இடத்தில் வைத்தால், ஒரு குரல் அந்தச் சொல்லை உச்சரிக்கும். என் லேப்டாப்பில் குறையில்லாமல் ஓடியது.

அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதை முப்பது பிள்ளைங்களுக்கு எப்படிக் கொடுக்கிறது? ஆளுக்கு ஒரு லேப்டாப்பா இருக்கு? வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினா, அப்பா அம்மா போன்ல திறந்து விளையாடுற மாதிரி பண்ணிக் கொடேன்."

செய்த கேமை வெவ்வேறு கருவிகளில் ஓடும் வடிவில் எடுத்துத் தரும் கோடோவின் எக்ஸ்போர்ட் பட்டியலில் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றோடு 'வெப்' என்றும் ஒரு வரி இருக்கிறது. அதைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் சில ஃபைல்கள் வந்தன. அவற்றில் இருந்த எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால், கேமுக்குப் பதிலாகப் பிழைச் செய்தி. அதைச் சரிசெய்தேன், இன்னொன்று வந்தது. அதையும் முடித்தேன், மூன்றாவது வந்தது. கேமைச் செய்ய ஆனது இரண்டு வாரம். அதைப் பிரவுசருக்குள் கொண்டுபோகப் பிடித்தது மூன்று வாரம்.

இப்போதுதான் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சந்தித்த தடைகளில் மிகச் சிலதான் கோடோவின் குறைகள். மற்றவை பிரவுசர் வேண்டுமென்றே போட்டு வைத்திருக்கும் வேலிகள். எந்த வேலி எதற்காக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், கேமின் முதல் கோட்டை வரையும்போதே அதற்கு இடம் விட்டு வரையலாம்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது என்ன நடக்கிறது?

கோடோ எஞ்சின் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. வழக்கமாக அது விண்டோஸோடும் லினக்ஸோடும் நேரடியாகப் பேசும்: "இந்த ஃபைலைத் திற", "இந்த ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பு" என்று கேட்கும், கிடைக்கும். பிரவுசருக்கு அந்த எஞ்சின் புரியாது. அதனால் எம்ஸ்கிரிப்டன் என்ற கருவி கொண்டு, எஞ்சின் முழுவதையும் வெப்அசெம்ப்ளி என்ற வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றி வைத்திருக்கிறார்கள்; எக்ஸ்போர்ட்டில் அதுவே நம் கேமோடு சேர்ந்து வருகிறது. வெப்அசெம்ப்ளி 2017-இல் முக்கியமான நான்கு பிரவுசர்களிலும் வந்து சேர்ந்தது. 2019 டிசம்பரில் வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை முறையான தரமாக அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்டைவிட இயந்திர மொழிக்கு நெருக்கமானது என்பதால் வேகத்துக்குக் குறைவில்லை.

ஆனால் அது தானாக எதையும் தொட முடியாது. ஃபைல், ஸ்பீக்கர், நெட்வொர்க், நேரம் பார்க்கும் கடிகாரம் வரைக்கும் எல்லாவற்றையும் பிரவுசரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிரவுசர் கொடுத்தால் உண்டு.

சொந்த வீட்டில் கல்யாணம் நடத்துவதற்கும் மண்டபத்தில் நடத்துவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வீட்டில் பாத்திரம் பரணில் இருக்கும், பாட்டை எப்போது வேண்டுமானாலும் போடலாம், மிச்சச் சாமானை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். மண்டபத்தில் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும்; ஸ்பீக்கருக்கு நேரம் உண்டு; விட்டுவிட்டு வந்த சாமானுக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஆனாலும் ஊர் முழுக்க வந்து உட்கார இடம் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு முன்கதை உண்டு. ஒரு காலத்தில் ஃபிளாஷ், ஜாவா ஆப்லெட், யூனிட்டி வெப் பிளேயர் போன்ற பிளக்-இன்கள், அதாவது பிரவுசரோடு கூடுதலாகப் பொருத்தும் மென்பொருள்கள், அதற்குள் உட்கார்ந்து தம் விருப்பப்படி வேலை செய்தன. அவற்றின் ஓட்டைகள் வழியாகக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் பலர். குரோம் 2015-இல் பழைய வகைப் பிளக்-இன்களை முற்றாக நிறுத்தியது; ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதன்பின் வந்த ஒவ்வொரு வசதியும் "முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய லிங்க்கைத் தொட்டாலும் தொட்டவருக்குக் கேடு வரக் கூடாது" என்ற எண்ணத்தோடு கட்டப்பட்டது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் என்னை நேரில் பார்த்ததே இல்லை. நான் அனுப்பிய லிங்க்கைத் தொடுகிறார்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இந்த வேலிகள் எல்லாம் எனக்குச் சரியாகவே படுகின்றன.

முதல் பிழை: டபுள் கிளிக்

எக்ஸ்போர்ட்டில் வருகிற ஃபைல்களில் முக்கியமானவை நான்கு: பக்கத்துக்கான எச்டிஎம்எல், எஞ்சினைக் கிளப்பும் ஜாவாஸ்கிரிப்ட், எஞ்சின் அடங்கிய வெப்அசெம்ப்ளி, உங்கள் படமும் ஒலியும் காட்சிகளும் அடங்கிய பொதி. எச்டிஎம்எல் திறந்ததும் மற்ற ஃபைல்களை அழைக்கும். ஹார்ட் டிஸ்கிலிருந்து நேரடியாகத் திறந்த பக்கம் பக்கத்து ஃபைலைப் படிப்பதைப் பிரவுசர் அனுமதிப்பதில்லை. அனுமதித்தால், நீங்கள் டவுன்லோட் செய்து திறக்கும் எந்தப் பக்கமும் உங்கள் மற்ற ஃபைல்களைப் படித்து வெளியே அனுப்பிவிடலாமே.

ஆகவே சோதனைக்குக்கூட, பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பித் தரும் ஒரு சர்வர் வேண்டும். கோடோ எடிட்டரிலேயே பிரவுசரில் ஓட்டிப் பார்க்கும் பொத்தான் இருக்கிறது. அது உங்கள் கணினியிலேயே ஒரு சின்ன சர்வரைக் கிளப்பித் தரும். வெளியுலகுக்கு வைக்கும்போது எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு கட்டாயம்.

இரண்டாவது பிழை: த்ரெட்

இதில்தான் எனக்கு ஒரு வாரம் போனது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பந்தியில் ஒருவரே சாதம், சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாம் பரிமாறினால் வரிசை நின்றுவிடும். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஓடும். கணினியில் அந்த நால்வர்தான் த்ரெட்கள். கேம் எஞ்சினில் ஒரு த்ரெட் படம் வரையும். ஒன்று ஒலியைக் கலக்கும். ஒன்று அடுத்த காட்சிக்கான ஃபைல்களை ஏற்றும். நால்வரும் ஒரே அண்டாவிலிருந்து எடுத்தால்தான் வேலை வேகமாக நடக்கும். அதாவது எல்லா த்ரெட்களும் ஒரே நினைவகத்தைப் பார்க்க வேண்டும். பிரவுசரில் அந்தப் பொது அண்டாவின் பெயர் ஷேர்டுஅரேபஃபர்.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற குறை உலகுக்குத் தெரியவந்தது. அது பிராசசர்களின் வடிவமைப்பிலேயே இருந்த குறை. ஒரு தகவலைப் படிக்க ஆகும் நேரத்தை மிக நுட்பமாக அளக்க முடிந்தால், படிக்க உரிமை இல்லாத நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். அப்படி அளக்க ஒரு துல்லியமான கடிகாரம் வேண்டும். பொது நினைவகத்தில் ஒரு த்ரெட் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்காமல் எண்ணிக்கொண்டே இருந்தால் அதுவே கடிகாரம் ஆகிவிடும். அதனால் பிரவுசர்கள் அந்த மாதமே ஷேர்டுஅரேபஃபரை நிறுத்தின.

பிற்பாடு ஒரு நிபந்தனையோடு திருப்பிக் கொடுத்தன: உங்கள் பக்கம் மற்ற தளங்களிலிருந்து முற்றிலும் தனித்து நிற்க வேண்டும். அதை உங்கள் சர்வர், பக்கத்தை அனுப்பும்போதே அதனோடு சேர்ந்து போகும் ஹெட்டர் என்ற குறிப்புகளில் இரண்டு வரிகள் மூலம் அறிவிக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த குரோம் 92 முதல் கணினியிலும் இது கட்டாயம்.

கோடோ 4 வெளிவந்தது 2023 மார்ச்சில். அதன் வெப் எக்ஸ்போர்ட் த்ரெட் இல்லாமல் ஓடாது என்ற நிலையில்தான் வந்தது. நான் கேமை வைத்திருந்த இலவச ஹோஸ்டிங்கில், அதாவது இணைய இடவசதியில், ஹெட்டர் மாற்ற வழியே இல்லை. லோடிங் கோடு வருவதற்கு முன்பே "தேவையான வசதிகள் இல்லை" என்ற செய்தி. சர்வீஸ் ஒர்க்கர் என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் துணை கொண்டு ஹெட்டர்களைப் பிரவுசரிலேயே ஒட்டவைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. அதைப் போட்டேன். குரோமில் ஓடியது, ஆனால் பக்கத்தில் சேர்த்திருந்த வெளித்தள வீடியோ காணாமல் போனது. தனித்து நிற்கும் பக்கத்துக்குள், தாமாக ஒப்புதல் தராத வெளித்தளப் பொருள் எதுவும் வராது. விளம்பரம், பணம் செலுத்தும் பெட்டி, வீடியோ எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

2024 ஆகஸ்டில் வந்த கோடோ 4.3 இதற்கு வழி செய்தது. எக்ஸ்போர்ட் அமைப்பில் த்ரெட் ஆதரவை எடுத்துவிடலாம். ஒரே ஆள் பரிமாறுகிற பந்தி. ஹெட்டர் வேண்டாம், எந்த ஹோஸ்டிங்கிலும் ஓடும். ஒரே த்ரெட்டில் ஒலி திக்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒலித் துண்டுகளைப் பிரவுசரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லும் முறையையும் சேர்த்தார்கள். அதற்கு விலை, எதிரொலி போன்ற ஒலி விளைவுகள் அந்த முறையில் கிடைக்காது. என் கேமில் குரல் மட்டுமே இருந்ததால் எனக்கு இழப்பு ஒன்றுமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் த்ரெட் இல்லாமலே ஆரம்பியுங்கள். அது போதாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு த்ரெட்டைத் தேடலாம்.

'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து பெட்டிகள்

ஒருவழியாகக் கேம் திறந்தது. தலைப்பில் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து சதுரப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டியாக ஒரு யூனிகோடு எண், அதாவது அந்த எழுத்துக்குறிக்குக் கணினியில் உள்ள எண். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஏன் ஐந்து பெட்டி? யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். எழுத்துரு கிடைக்காததால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெட்டி.

லேப்டாப்பில் ஏன் சரியாக வந்தது? நான் எழுத்துரு எதையும் சேர்க்கவே இல்லை. கோடோவின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாதபோது, அது விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்துருவைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. பிரவுசருக்குள் அந்தக் கதவு இல்லை; கணினியில் உள்ள எழுத்துருக்களைக் கோடோவால் அங்கே எடுக்க முடியாது. பரணில் பாத்திரம் இருந்தது மறந்தே போகும் அளவுக்குப் பழகிவிட்டது. மண்டபத்தில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

தீர்வு எளிது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் புராஜெக்ட்டுக்குள் வைத்து, அதையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கேம் செய்கிறவருக்கு இந்தச் சிக்கல் வராது, அதனால் பெரும்பாலான பாடங்களில் இது இருக்காது. தமிழில் செய்கிற நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இதை ஒட்டி இன்னொரு எச்சரிக்கை. வெப் எக்ஸ்போர்ட்டின் அளவைக் குறைக்க எஞ்சினை அதன் மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து, அதாவது புதிதாகக் கட்டி, வேண்டாத பகுதிகளை வெட்டலாம். அப்படி வெட்டச் சொல்லும் பட்டியல்களில் மேம்பட்ட எழுத்தமைப்புப் பகுதியும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். 'கெ' என்பதில் கொம்பை ககரத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது அந்தப் பகுதிதான். அதை எடுத்துவிட்டால் க முன்னாலும் கொம்பு பின்னாலும் நிற்கும். எழுத்துப் பழகுகிற பிள்ளைக்கு அப்படி ஒரு எழுத்தைக் காட்டுவதைவிட நான்கு எம்பி கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

தட்டச்சும் இதே குடும்பம்தான். கோடோ வரைவது கேன்வாஸ் என்ற ஒரே பரப்பில். பிரவுசருக்கு அது ஒரு படம். அதற்குள் நீங்கள் வரைந்த எழுத்துப் பெட்டி பிரவுசரின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் போனில் விசைப்பலகை தானாக மேலே வராது. கோடோவில் இதற்கென ஒரு வசதி இருக்கிறது, ஆனால் 'சோதனை நிலை' என்றே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பல அடியெழுத்தைத் தட்டத் தட்ட மாற்றிக்கொண்டே போகும். அது இந்த ஏற்பாட்டில் எளிதில் சிக்கும். நான் தட்டச்சையே விட்டுவிட்டு, எழுத்துகளைத் திரையில் பொத்தான்களாக வைத்தேன். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பானுக்கும் கேன்வாஸ் வெறும் படம்தான் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தலாக இருக்கிறது. எழுத்து நிறைந்த ஆப் செய்கிறவர்கள் சாதாரண வெப் பக்கமாகவே கட்டுவது நல்லது.

பிள்ளைகளின் மதிப்பெண் எங்கே போனது?

மூன்றாவது வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "பன்னிரண்டாவது நிலை வரைக்கும் போன பிள்ளை, திரும்பத் திறந்தா முதல்லேர்ந்து வருதுன்னு அழுவுது தம்பி."

டெஸ்க்டாப்பில் கேம் தன் பதிவுகளை ஒரு ஃபோல்டரில் எழுதும். நீங்கள் அழிக்கும்வரை அங்கேயே இருக்கும். வெப்பில் கோடோ அதே ஃபோல்டர் இருப்பதுபோல நடிக்கிறது. உண்மையில் எழுதுவது பிரவுசரின் இண்டெக்ஸ்டுடிபி என்ற சேமிப்பிடத்தில். நீங்கள் எழுதிய நிரலில் ஒரு வரிகூட மாற வேண்டாம். அதனாலேயே, அடியில் மாறியிருப்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அந்தச் சேமிப்பு தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. முகவரி மாறினால் பழைய பதிவு கண்ணில் படாது. பயனர் பிரவுசர் தரவை அழித்தால் அதோடு போகும். பிரைவேட் சாளரத்தில் திறந்தால், மூடியதும் போகும். கேம் இன்னொரு தளத்தின் பக்கத்துக்குள் ஒரு பெட்டியாகப் பதிக்கப்பட்டிருந்தால், வெளித்தளக் குக்கிகளை முடக்கிய பிரவுசரில் சேமிக்கவே சேமிக்காது. இவை போதாதென்று ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியின் விதி ஒன்று: 2020 முதல், பயனர் ஒரு தளத்தைத் தொடாமல் ஏழு நாள் சஃபாரியைப் பயன்படுத்தினால், அந்தத் தளம் ஸ்கிரிப்ட் மூலம் சேமித்ததை எல்லாம் அழித்துவிடும். பயனர்களைப் பின்தொடரும் விளம்பர நிறுவனங்களைத் தடுக்கத்தான் அந்த விதி. காலாண்டு விடுமுறைக்குப் போய்வந்த பிள்ளையின் பன்னிரண்டு நிலைகளும் அதில் சேர்ந்து போய்விடும்.

அழுத பிள்ளையின் கதை இவை எதுவுமே இல்லை. அப்பா வாட்ஸ்அப்பில் லிங்க்கைத் தொட்டபோது திறந்தது ஒரு பிரவுசர். அம்மா போனில் திறந்தது இன்னொன்று. போனும் வேறு, பிரவுசரும் வேறு, சேமிப்பும் வேறு. எட்டு வயதுப் பிள்ளைக்கு 'என் கேம்' என்றால் ஒன்றுதான். அதை இரண்டாக்கியது என் கவனக்குறைவு.

பயனரின் சொந்த ஃபைல்களைத் திறப்பதும் இதே போலத்தான். கோடோவின் ஃபைல் திறக்கும் சாளரம் வெப்பில் அந்தப் பாவனை ஃபோல்டரை மட்டுமே காட்டும். உண்மையான படத்தையோ ஆவணத்தையோ எடுக்க, ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பிரவுசரின் சாளரத்தைத் திறந்து, பயனர் கையால் தேர்ந்து கொடுக்க வேண்டும். டிஸ்கில் உள்ள ஃபைலை நேரடியாகத் திறந்து திருத்திச் சேமிக்கும் வசதி குரோமில் 2020 முதல் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அதை ஏற்கவில்லை. கணக்குப் புத்தகம், படத்தொகுப்பு போன்ற ஆப்களை வெப்புக்குக் கொண்டுபோக நினைக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஒலி, முழுத்திரை, பின்னால் போன டேப்

பயனர் தொடும்வரை பக்கம் ஒலி எழுப்பக் கூடாது என்பது 2018-இல் குரோம் கொண்டுவந்த விதி, மற்றவையும் அப்படித்தான். முழுத்திரைக்கும், மவுஸைப் பிடித்துவைப்பதற்கும் இதுவே. கேம் திறந்ததும் வரும் வரவேற்புக் குரல் அதனால் ஊமையாகிவிடும். முதல் திரையில் 'தொடங்கு' என்று ஒரு பொத்தான் வைத்து, அதைத் தொட்ட பிறகு எல்லாவற்றையும் ஆரம்பித்தால் தீர்ந்தது. கேம்பேடும் அப்படியே: ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தும்வரை அது இருப்பதே பிரவுசர் சொல்லாது.

பயனர் வேறு டேபுக்குப் போய்விட்டால் உங்கள் கேம் உறைந்து நிற்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க நல்லதுதான். ஆனால் பலர் சேர்ந்து ஆடும் கேமில் சர்வர் காத்திருந்து பார்த்துத் தொடர்பைத் துண்டித்துவிடும். திரும்பி வந்து சேரும் வழியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

நெட்வொர்க்

டெஸ்க்டாப்பில் ஒரு ஆப் எந்த முகவரிக்கும் எந்த வழியிலும் தொடர்பு கொள்ளலாம். பிரவுசருக்குள், இணையத்தில் தகவல் அனுப்பும் அடிப்படை வழிகளான டிசிபியும் யுடிபியும் நேரடியாகக் கிடையாது. கோடோவில் பலர் ஆடும் கேமுக்கு வழக்கமாகப் பயன்படும் ஈநெட் என்ற நெட்வொர்க் நூலகம், யுடிபியை நம்பியது. வெப்பில் அது ஓடாது. பிரவுசர் அனுமதிக்கும் வெப்சாக்கெட் அல்லது வெப்ஆர்டிசி என்ற இரண்டு வழிகளில் ஒன்றுக்கு மாற வேண்டும். பாதியில் மாற்றுவது பெரிய வேலை.

சாதாரணமாக ஒரு தளத்திலிருந்து தகவல் எடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் பக்கம் ஒரு தளத்தில், தகவல் வேறொரு தளத்தில் என்றால், அந்த இரண்டாவது தளம் "இவருக்குக் கொடுக்கலாம்" என்று ஹெட்டரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், வந்த பதிலைப் பிரவுசர் உங்கள் கேமிடம் கொடுக்காது. இதுவே கோர்ஸ். லேப்டாப்பில் சோதிக்கும்போது எல்லாம் வந்துகொண்டிருக்கும், எக்ஸ்போர்ட் செய்த அன்று நின்றுபோகும். அந்தத் தளம் உங்களுடையதாக இல்லாவிட்டால், நடுவில் உங்கள் சொந்த சர்வர் ஒன்றை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து பாதுகாப்பற்ற எச்டிடிபி முகவரியையும் அழைக்க முடியாது.

எடை

கோடோ 4-இன் எஞ்சின் அமுக்காத நிலையில் முப்பது எம்பிக்கும் மேல். ஜிஜிப் முறையில் அமுக்கினால் ஏறக்குறைய கால் பங்காகும். ஆனால் அப்படி அமுக்கி அனுப்பும்படி சர்வரில் நாம்தான் அமைக்க வேண்டும். நான் அதைக் கவனிக்காமல் இருந்த நாட்களில், ஒரு சொல்கூடத் திரையில் வருவதற்கு முன்பே பெற்றோரின் டேட்டாவில் முப்பது எம்பிக்கும் மேல் கரைந்திருக்கும். என் படங்களும் குரல்களும் மொத்தமே மூன்று எம்பி. எழுத்துப் பழகும் கேமுக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் தேவைதானா என்ற கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

படம் வரைவதிலும் எல்லை உண்டு. கோடோ 4 டெஸ்க்டாப்பில் வல்கன் போன்ற படம் வரையும் கருவிகள் வழியாகச் செய்கிற ஒளி, பனிமூட்ட வேலைப்பாடுகள் வெப்பில் இல்லை. அங்கே, பிரவுசர் படம் வரையத் தரும் வெப்ஜிஎல் 2-இல் ஓடும் 'கம்பாட்டிபிலிட்டி' முறை ஒன்றுதான். சஃபாரிக்கு வெப்ஜிஎல் 2 வந்ததே 2021-இல். இந்தியாவில் ஐபோனில் குரோம் என்று திறந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான் என்பதால், அதில் ஒருமுறையாவது சோதித்துவிடுங்கள். நினைவகத்துக்கு 32 பிட் வெப்அசெம்ப்ளியில் உச்சவரம்பு 4 ஜிபி. விலை குறைந்த போனில் அதற்கு வெகு முன்பே பிரவுசர் டேபை மூடிவிடும். சி ஷார்ப் மொழியில் கேம் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கோடோ 4-இல் சி ஷார்ப் புராஜெக்ட்டை வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்ய முடியாது என்று அதன் ஆவணமே சொல்கிறது. பாதி கேம் எழுதிய பிறகு இதைப் படிக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

வேறு கருவிக்கு மாறினால் தப்பிக்கலாமா? வேலி பிரவுசருடையது, எனவே பெரும்பாலும் முடியாது. யூனிட்டி என்ற இன்னொரு கேம் எஞ்சினின் வெப் எக்ஸ்போர்ட்டிலும் நேரடி நெட்வொர்க் தொடர்பு இல்லை. ஆப் கட்டும் கருவியான ஃபிளட்டரில் ஃபைல்களைக் கையாளும் அடிப்படை நூலகம் வெப்பில் இல்லை; தமிழ் எழுத்துருவை ஆப்போடு வைக்காவிட்டால், அது கூகுள் சர்வரிலிருந்து வந்து சேரும்வரை அங்கேயும் சதுரங்கள்தான். இதற்கு மாறாக, தொடக்கத்திலிருந்தே பிரவுசருக்கென்று கட்டிய ஃபிக்மா போன்ற வடிவமைப்புக் கருவியும் வெப்அசெம்ப்ளியைத்தான் பயன்படுத்துகிறது. அவ்வளவு கனமான வேலையை நன்றாகவே செய்கிறது. ஃபைல் எங்கே இருக்கும், எழுத்து எப்படி வரும், தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவர்கள் பிரவுசரை முன்னால் வைத்துக்கொண்டு முடிவு செய்தார்கள். நான் லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு முடிவு செய்துவிட்டு, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினேன்.

மதிப்பெண் சிக்கலுக்கு அக்காவும் நானும் சேர்ந்து ஒரு வழி கண்டோம். சர்வர் வைத்துப் பிள்ளைகளின் பெயர்களைச் சேகரிக்க எங்களுக்கு மனமில்லை. அதனால் ஒவ்வொரு நிலை முடிந்ததும் கேம் சின்னச் சொல் ஒன்றைக் காட்டும்: 'குழல்', 'வாளி', 'பழம்' என்று நிலைக்கு ஒரு சொல். அடுத்த முறை, எந்தப் போனில் திறந்தாலும், பிள்ளை அந்தச் சொல்லை எழுத்துப் பொத்தான்களால் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சொல் மறந்துவிடாமல் இருக்கத் தமிழ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் அக்கா. போன வாரம் அப்படி ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பென்சிலில் பதினான்கு சொற்கள். 'குழல்' என்பதில் முதலில் போட்ட ள-வை அழித்துவிட்டு ழ எழுதியிருந்தது.